ஆர்ட்டெமிசினினும் தொடர் பாய்வு வினைக்கலனும்

ஆர்ட்டெமிசினின் என்பது மலேரியாவுக்கு இன்று உலகெங்கும் வழங்கப்படும் கூட்டு மருந்துகளின் அடிப்படைப் பொருள் ஆகும். ஆர்ட்டெமிசியா அன்னுவா என்னும் செடியின் தழையிலிருந்து இது எடுக்கப்படுகிறது. சீனர்கள் இச்செடியைச் சிங்ஹாவ் என்பர். தமிழ்நாட்டுப் பூக்கடைகளில் கதம்பத்தில் வைத்துக் கட்டும் தவனமும் இதே பேரினத்தைச் சேர்ந்த செடிதான். ஆனால் தவனத்தில் இந்த மருந்து இல்லை.

செடி தரும் மருந்து மழையையும் விதைப்பையும் சந்தையையும் நம்பி இருக்கிறது. அதனால் ஆர்ட்டெமிசினினை ஆலையில் செய்துவிட வேண்டும் என்ற முயற்சி 2000-க்குப் பின் வலுப்பெற்றது. அதன் கடைசிப் படியில் ஒளி தேவைப்பட்டது. அந்த ஒளிதான் பெரிய அளவு உற்பத்திக்குத் தடையாக நின்றது. 2012-இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் இரண்டு வேதியியலாளர்கள் அத்தடைக்கு ஒரு வழி கண்டனர். கலனைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக மெல்லிய குழாயாக மாற்றி, அதன் வழியே கரைசலை நிற்காமல் ஓடவிட்டனர். இக்கட்டுரை அதன் வரலாற்றைக் கூறுகிறது.

தழையில் இருந்த மருந்து

1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடியா எல்லைப் பகுதியில் குளோரோகுயின் மாத்திரைக்கு மலேரியா கட்டுப்படாமல் போகத் தொடங்கியது. வியட்நாம் போரில் இரு தரப்புப் படையினரையும் காய்ச்சல் கடுமையாகத் தாக்கியது. வடவியட்நாம் சீனாவிடம் உதவி கேட்டது. 1967 மே 23 அன்று சீனாவில் ஒரு மறைமுகத் திட்டம் தொடங்கப்பட்டது. தொடங்கிய தேதியே அதற்குப் பெயராகி, திட்டம் 523 எனப்பட்டது.

1969-இல் இத்திட்டத்தில் சேர்ந்த தூ யூயூ, பழைய சீன மருத்துவ நூல்களைத் தேடினார். 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹொங் என்பவரின் அவசரகால மருத்துவக் கையேட்டில் சிங்ஹாவ் தழையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்குமாறு ஒரு குறிப்பு இருந்தது. காய்ச்ச வேண்டும் என்று அதில் இல்லை. கொதிக்கவைத்தால் மருந்து கெட்டுவிடுகிறதோ என்ற ஐயம் தூ யூயூவுக்கு எழுந்தது. குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைக் கரைப்பானாகப் பயன்படுத்தினார். 1971 அக்டோபரில் 191ஆம் எண் இடப்பட்ட சாறு, மலேரியா தொற்றிய சோதனை விலங்குகளில் ஒட்டுண்ணியை முழுமையாக அழித்தது. 1972-இல் அவரும் உடன் பணியாற்றியோரும் நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் அதைத் தாமே உட்கொண்டு பார்த்தனர். அதே ஆண்டு தூய படிகமும் கிடைத்தது. 2015-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பாதி அவருக்கு வழங்கப்பட்டது.

வெப்பத்தில் கெடுவதற்குக் காரணம் மூலக்கூறின் அமைப்பில் இருக்கிறது. இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் பெராக்சைடுப் பாலம் ஒன்று அதன் நடுவில் உள்ளது. இரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்த ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்னும்போது இரும்புள்ள ஹீம் வெளிப்படுகிறது. அந்த இரும்பு பட்டதும் பாலம் உடைந்து, வினைத்திறன் மிக்க துண்டுகள் உண்டாகி ஒட்டுண்ணியின் புரதங்களைத் தாக்குகின்றன. மருந்தின் வலிமையும் அதன் மென்மையும் ஒரே பிணைப்பில் அடங்கியுள்ளன. பின்னாளில் ஆலையில் இதைச் செய்ய முயன்றவர்களுக்குத் தலைவலியாக இருந்ததும் இந்தப் பாலம்தான்.

தட்டுப்பாடும் விலையும்

இந்தக் கதைக்கு முன்னோடி ஒன்று நீலகிரியில் உண்டு. தென் அமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டையில் குயினின் இருப்பதை 1820-இல் பெலெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலாளர்கள் கண்டனர். 1860களில் ஆங்கில அரசு கிளெமென்ட்ஸ் மார்க்கம் மூலம் அம்மரத்தை உதகை மலைப்பகுதியில் பயிரிட்டது. நடுவட்டத்தில் குயினின் ஆலையும் வந்தது. பட்டை உரிக்கும் அளவுக்கு மரம் வளர ஆண்டுகள் ஆகும். அதுவரை நோயாளி காத்திருக்க வேண்டும். பயிரை நம்பிய மருந்துகள் அனைத்துக்கும் இந்தக் காத்திருப்பு பொது.

ஆர்ட்டெமிசியா ஆண்டுப் பயிர் என்பதால் காத்திருப்பு குறைவுதான். ஆயினும் விதைப்பு, அறுவடை, உலர்த்தல், சாறெடுத்தல், மாத்திரையாக்கல் எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் முதல் ஒன்றரை ஆண்டு ஆகிவிடும். உலர்ந்த தழையின் எடையில் மருந்து ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். பல வயல்களில் அதுவும் இராது. ஒரு கிலோ மருந்துக்கு நூறு கிலோவுக்கும் மேற்பட்ட காய்ந்த தழை வேண்டும்.

2001 முதல் உலகச் சுகாதார நிறுவனம் ஆர்ட்டெமிசினின் கூட்டு மருந்துகளைப் பரிந்துரைக்கத் தொடங்கியது. நன்கொடை நிதிகளும் வந்தன. தேவை ஒரேயடியாக உயர்ந்தது, தழையோ வயலில் இல்லை. 2004–2005 காலத்தில் ஒரு கிலோ ஆர்ட்டெமிசினினின் விலை 1,000 டாலரைத் தொட்டுத் தாண்டியது. அதைக் கேள்விப்பட்ட சீன, வியட்நாம், கிழக்கு ஆப்பிரிக்க உழவர்கள் பெருமளவில் பயிரிட்டனர். அறுவடை வந்து சேர்ந்தபோது சந்தை நிரம்பி வழிந்தது. 2007-இல் விலை 200 டாலர் அளவுக்குச் சரிந்தது. கையைச் சுட்டுக்கொண்ட உழவர்கள் வேறு பயிருக்கு மாறினர். மீண்டும் தட்டுப்பாடு, மீண்டும் விலையேற்றம். தக்காளி, வெங்காயம் விலை ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கும் எவருக்கும் இது புதிதல்ல. இங்கே அந்த ஏற்ற இறக்கத்தின் மறுமுனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்பதுதான் வேறுபாடு.

ஈஸ்ட் செய்ததும் செய்யாததும்

முழுவதையும் வேதிப்பொருள்களிலிருந்தே கட்டியெழுப்ப முடியும் என்பதை 1983-இல் சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் ஷ்மிட், ஹோஃப்ஹைன்ஸ் ஆகிய இருவரும் காட்டினர். அது வேதியியல் சாதனை. மருந்துக்கு வழியாகவில்லை. படிகள் மிகுதி, செலவும் மிகுதி.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜே கீஸ்லிங் வேறு பாதையில் சென்றார். செடியின் மரபணுக்களை நுண்ணுயிரில் புகுத்தி, சர்க்கரையைத் தின்று மருந்துப்பொருளைக் கக்கும்படி செய்வது அவரது நோக்கம். 2004-இல் கேட்ஸ் அறக்கட்டளை 4.26 கோடி டாலர் வழங்கியது. 2006-இல் ஈஸ்ட் ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில் ஆர்ட்டெமிசினிக் அமிலத்தைத் தந்தது. அமிரிஸ் நிறுவனத்தின் உழைப்பால் 2013-க்குள் அது லிட்டருக்கு 25 கிராம் என்றானது. 250 மடங்கு!

ஆனால் ஆர்ட்டெமிசினிக் அமிலம் மருந்தல்ல. அதில் பெராக்சைடுப் பாலம் இல்லை. அந்தப் பாலத்தைக் கட்ட ஈஸ்டுக்குத் தெரியாது.

செடி அதை எப்படிக் கட்டுகிறது? தழையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் டைஹைட்ரோ ஆர்ட்டெமிசினிக் அமிலம் சேர்கிறது. வெயிலும் காற்றும் பட, அது நொதி எதன் துணையும் இன்றித் தானாகவே ஆர்ட்டெமிசினினாக மாறுகிறது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. இலையைப் பொறுத்தவரை இது எளிய வேலை. மெல்லிய பரப்பு, மேலே சூரியன், சுற்றிலும் ஆக்சிஜன். இதையே டன் கணக்கில் ஆலையில் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி.

ஒளியும் பெரிய கலனும்

காற்றில் உள்ள சாதாரண ஆக்சிஜன் இந்த அமிலத்தோடு எளிதில் வினைபுரியாது. அதற்குச் சற்று ஆற்றல் ஊட்டி ஒற்றைநிலை ஆக்சிஜனாக மாற்ற வேண்டும். இதற்கு ஒளியுணர்த்தி என்னும் நிறப்பொருள் உதவுகிறது. நிறப்பொருள் ஒளியை விழுங்கி, அந்த ஆற்றலை அருகில் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுக்குக் கைமாற்றிவிடும். ஒற்றைநிலை ஆக்சிஜன் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பைத் தாக்கி ஹைட்ரோபெராக்சைடாக்கும். பின் அமிலம் சிறிது சேர்த்தால் அம்மூலக்கூறு பிளந்து, இன்னொரு ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு, தானே மடிந்து ஆர்ட்டெமிசினினாகிறது.

ஒளியைக் கொண்டு வேதிப்பொருள் செய்வது பழைய கனவு. இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில் ஜாகோமோ சியாமிசியான் மாடியில் வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகளை வைத்து வெயிலில் காய்ச்சி ஆராய்ந்தவர். நிலக்கரிப் புகை இல்லாத, கண்ணாடிக் குழாய்களில் சூரிய ஒளியால் இயங்கும் தொழிற்சாலைகள் வரும் என்று 1912-இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில் அவர் சொன்னார். குழாய் என்ற சொல் அந்த உரையிலேயே இருந்தது வியப்புக்குரியது.

1940களில் ஜெர்மானிய வேதியியலாளர் குந்தர் ஷெங்க் ஒற்றைநிலை ஆக்சிஜன் வழியில் அஸ்காரிடோல் என்னும் குடற்புழு மருந்தைச் செய்தார். அதிலும் பெராக்சைடுப் பாலம் உண்டு. மூலப்பொருள் தாவர எண்ணெய்களில் காணப்படும் ஆல்ஃபா-டெர்பினீன். ஒளியுணர்த்தியாக அவர் பயன்படுத்தியது பச்சிலையிலிருந்து எடுத்த பச்சையம். ஒளி தந்தது சூரியன். செடியின் பொருளைச் செடியின் நிறத்தைக் கொண்டே மருந்தாக்கிய இந்த முறை அதன்பின் நெடுங்காலம் பாடநூல்களில் ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் நின்றது. வாசனைத் திரவியத் தொழிலில், சிட்ரோனெல்லோலிலிருந்து ரோஸ் ஆக்சைடு செய்வதற்கு ஒற்றைநிலை ஆக்சிஜன் பயன்பட்டது. மருந்துத் தொழில் பெரும்பாலும் ஒளியின் பக்கம் போகவே இல்லை.

ஏன் போகவில்லை? பள்ளி ஆய்வகத்தின் சோதனைக் குழாயில் நடக்கும் வினை பீப்பாயிலும் அப்படியே நடக்கும் என்று மாணவர்கள் எண்ணுவது இயல்பு. பத்துப் பேருக்குச் சமைப்பதை ஆயிரம் பேருக்குச் சமைக்கப் பெரிய அண்டா போதும் என்பது போல. அண்டாச் சமையலே அப்படி எளிதல்ல என்பது சமையற்காரருக்குத் தெரியும். அடி பிடிக்கும், மேலே வேகாது. வேதிவினையிலும் கலன் பெரிதானால் வெப்பம் உள்ளே சிக்கிக்கொள்ளும். கலனின் நீள அகல உயரங்களைப் பத்து மடங்காக்கினால் கொள்ளளவு ஆயிரம் மடங்காகும். மேற்பரப்போ நூறு மடங்குதான் கூடும். வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய சுவர், உள்ளே இருக்கும் திரவத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது.

ஒளிக்கு இந்த இடர்ப்பாடு இன்னும் கொடியது. வெப்பத்தையாவது துடுப்பால் கலக்கிப் பரப்பலாம். ஒளியைக் கலக்க முடியாது. நிறமுள்ள கரைசலில் ஒளி செல்லச் செல்ல ஒரே விகிதத்தில் தேய்கிறது. இது பீர்–லாம்பர்ட் விதி. ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் ஒளி பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து மில்லிமீட்டரில் எஞ்சுவது 1,024-இல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் அகலக் கலனில் விளக்கை ஒட்டிய மெல்லிய படலம் மட்டுமே வேலை செய்யும். மீதி முழுவதும் இருட்டு. விளக்கைப் பெரிதாக்கினால் அந்தப் படலத்தில் உள்ள மூலக்கூறுகள் அளவுக்கு மீறி ஒளி பட்டுச் சிதையும். நடுவில் உள்ளவை அப்போதும் இருட்டில்தான் கிடக்கும்.

அடுத்தது ஆக்சிஜன். அது திரவத்தில் கரைய நேரம் பிடிக்கும், பெரிய கலனில் எல்லா இடத்துக்கும் சேராது. கடைசியாக அச்சம். கரிமக் கரைப்பான், தூய ஆக்சிஜன், பெராக்சைடு ஆகிய மூன்றையும் ஆயிரக்கணக்கான லிட்டர் கலனில் ஒன்றாக அடைத்து விளக்கேற்ற எந்தப் பொறியாளரும் விரும்பமாட்டார். கீஸ்லிங் குழுவினர் 2013-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே ஒளிக் கருவி தேவைப்படாமல், ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து வேதிமுறையில் ஒற்றைநிலை ஆக்சிஜனை உண்டாக்கும் வழியைத்தான் காட்டினர். ஒளியைத் தவிர்க்க அவ்வளவு முயற்சி.

விளக்கைச் சுற்றிய குழாய்

2005-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கெவின் புக்கர்-மில்பர்ன் குழுவினர் மிக எளிய கருவி ஒன்றை விவரித்தனர். ஒளிவேதியியல் ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கும் பாதரச விளக்கு, அதன் கண்ணாடி உறை. அந்த உறையின் மேல் ஒளி புகும் மெல்லிய ஃபுளோரோபாலிமர் குழாயை நூல்கண்டு போல நெருக்கமாகச் சுற்றினர். ஒரு முனையில் எக்கி கரைசலைத் தள்ளும். மறுமுனையில் வினை முடிந்த கரைசல் சொட்டும். குழாயின் விட்டம் சிறியதாதலால் ஒளி எங்கும் புகுந்துவிடுகிறது. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நேரம் எக்கியை ஓடவிட்டால் போதும். கலன் பெரிதாவதில்லை, ஓடும் நேரம்தான் கூடுகிறது.

தொடர் பாய்வு என்ற கருத்து மட்டும் புதிதன்று. பெட்ரோலிய ஆலைகளும் அமோனியா ஆலைகளும் நெடுநாளாகத் தொடர் முறையில்தான் இயங்கிவருகின்றன. மருந்துத் தொழில்தான் ஒவ்வொரு சுற்றாக நிரப்பி, காய்ச்சி, வடித்து, கழுவி, மீண்டும் நிரப்பும் தொகுதி முறையிலேயே பழகியிருந்தது.

போட்ஸ்டாமில் உள்ள மாக்ஸ் பிளாங்க் கூழ்மம் மற்றும் இடைமுக ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் பீட்டர் சீபெர்கர் சர்க்கரை மூலக்கூறுகளை ஆராய்பவர். மலேரியாவுக்கு எதிரான தடுப்பூசி ஆய்வின் வழியாக இந்நோயோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. அவரும் கனடாவைச் சேர்ந்த முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் பிரான்சுவா லெவெஸ்கும் ஆர்ட்டெமிசினினின் கடைசிப் படியைக் குழாய்க்குள் கொண்டுவந்தனர். 2012 தொடக்கத்தில் அங்கேவாண்டே கெமி இதழில் அது வெளியானது.

அவர்கள் செய்தது இதுதான். டைஹைட்ரோ ஆர்ட்டெமிசினிக் அமிலக் கரைசலில் டெட்ராஃபீனைல்போர்ஃபிரின் என்னும் ஒளியுணர்த்தியைக் கலந்தனர். அதனுடன் ஆக்சிஜன் வாயுவைச் சேர்த்து, விளக்கைச் சுற்றிய குழாயில் செலுத்தினர். குழாய்க்குள் வாயுக் குமிழும் திரவத் துண்டும் ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக நகரும். ஒவ்வொரு திரவத் துண்டும் இரு பக்கமும் ஆக்சிஜனைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கரைவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விளக்குப் பகுதியைத் தாண்டியதும் டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம் இன்னொரு குழாய் வழியே வந்து கலக்கிறது. ஹைட்ரோபெராக்சைடு பிளந்து, மீண்டும் ஆக்சிஜனை ஏற்று, வளையம் மூடி, மருந்தாகி வெளிவருகிறது. உள்ளே புகுந்த துளி வெளியே வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆபத்தான இடைப்பொருள் எந்த நேரத்திலும் குழாயில் கொஞ்சம்தான் இருக்கும். உருவாகும்போதே அடுத்த வினையில் செலவழிந்துவிடுகிறது. தனியே பிரித்தெடுக்கவும் வேண்டியதில்லை.

முதல் முயற்சியின் விளைச்சல் 39 விழுக்காடு. ஒரு கருவி நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிராம் தரும் என்று கணக்கிட்டனர். ஆண்டு முழுதும் ஓடினால் 73 கிலோ. உலகத்தேவையோ ஆண்டுக்கு 100 டன்னுக்கும் மேல். அப்படியானால் இத்தகைய கருவிகள் ஆயிரத்துக்கும் மேல் வேண்டும். இது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் பாய்வு முறையின் இயல்பே இதுதான். ஆயிரமாவது கருவியும் முதல் கருவியைப் போலவே நடந்துகொள்ளும். பெரிய கலனைப் பற்றி அந்த உறுதியைத் தர முடியாது.

அடுத்த ஆண்டு டேனியல் கோபெட்ஸ்கியும் சேர்ந்து முறையைத் திருத்தினர். சூடேறும் பாதரச விளக்குக்குப் பதிலாக எல்.இ.டி விளக்கு வந்தது. டைசயனோஆந்த்ரசீன் வேறொரு ஒளியுணர்த்தியாக வந்தது. குளோரின் கலந்த கரைப்பானுக்குப் பதில் டொலுயீன் மட்டும். ஒளி வினையை உறைநிலைக்குக் கீழே நடத்தியதால் தேவையற்ற துணைப்பொருள்கள் குறைந்தன. விளைச்சல் 65 விழுக்காட்டைத் தாண்டியது, மொத்த நேரம் 12 நிமிடத்துக்குள் அடங்கியது. 2014-இல் கெர்ரி கில்மோர் உள்ளிட்ட குழுவினர் குழாயை நீட்டி, ஆர்ட்டெமிசினினோடு நிறுத்தாமல் நோயாளிக்கு உண்மையில் கொடுக்கப்படும் ஆர்ட்டிமீத்தர், ஆர்ட்டிசுனேட் ஆகியவற்றையும் அதே தொடரில் செய்தனர். மாக்டிபர்க் நகரில் உள்ள இன்னொரு மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆந்திரேயாஸ் சைடல்-மார்கன்ஸ்டர்ன் தூய்மையாக்கும் பகுதியைத் தொடர் முறையில் அமைத்தார். வினையைவிடத் தூய்மையாக்குவதே செலவு மிக்கது என்பதை வேதியியல் படித்தவர்கள்கூட மறந்துவிடுவதுண்டு.

கரேசியோ ஆலை

இதற்கிடையில் பெரிய ஆலையும் எழுந்துவிட்டது. பிரெஞ்சு மருந்து நிறுவனமான சனோஃபி, அமிரிஸின் ஈஸ்டைப் பெற்று, 2013 ஏப்ரலில் வடஇத்தாலியின் கரேசியோ நகரில் ஆர்ட்டெமிசினின் உற்பத்தியை அறிவித்தது. ஒளியைத் தவிர்க்காமல், பாதரச ஆவி விளக்குகளைக் கொண்டே அவர்கள் கடைசிப் படியை முடித்தனர். ஆனால் போட்ஸ்டாம் குழாயை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தொகுதி முறையையே தங்களுக்கேற்ப மாற்றி அமைத்துக்கொண்டனர். ஆண்டுக்கு 50 முதல் 60 டன் வரை செய்வது திட்டம். 2013 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் இந்தச் செயற்கை வழி மருந்துப்பொருளை ஏற்றுக்கொண்டது. 2014 ஆகஸ்டில் இதிலிருந்து செய்த 17 லட்சம் பேருக்கான மருந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பப்பட்டது.

லாபமும் நட்டமும் இன்றி விற்பது என்ற கொள்கையில் சனோஃபி வைத்த விலை கிலோவுக்கு 350 முதல் 400 டாலர். அதற்குள் வயலில் விளைந்த ஆர்ட்டெமிசினினின் விலை 250 டாலருக்கும் கீழே இறங்கியிருந்தது. மாத்திரை செய்வோர் மலிவானதை வாங்கினர். 2015-இல் கரேசியோவில் ஆர்ட்டெமிசினின் உற்பத்தியே நடக்கவில்லை. 2016-இல் அந்த ஆலை பல்கேரியாவின் ஹுவிஃபார்மா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

இதைத் தோல்வி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சரியல்ல. ஆலை வரப்போகிறது என்ற செய்தியே சந்தையில் தழை விலை எல்லை மீறாமல் பார்த்துக்கொண்டது என்ற கருத்து உண்டு. ஆலை வந்தால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சிறு உழவர்கள் பிழைப்பை இழப்பர் என்ற எதிர்ப்பும் முதலிலிருந்தே இருந்தது. ஏக்கர் கணக்கில்கூட நிலம் இல்லாத குடும்பங்கள் அவற்றுள் பல. அந்த எதிர்ப்புக்கு ஞாயம் இருந்தது. விலை ஆயிரம் டாலராக இருந்தபோது மருந்து கிடைக்காத குழந்தையின் தரப்பு ஞாயமும் அதற்குச் சமமானது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேதியியலில் இடமில்லை.

வயலும் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் இயன் கிரகாம் குழுவினர் 2010-இல் இச்செடியின் மரபு வரைபடத்தை வெளியிட்டு, மருந்துச் சத்து மிகுந்த வீரிய ரகங்களை உருவாக்கினர். இந்தியாவில் லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ மற்றும் நறுமணத் தாவர நிறுவனம் சிம்-ஆரோக்யா போன்ற ரகங்களை உழவர்களுக்கு வழங்கியது. ஈஸ்ட் எவ்வளவு வேகமாக ஓடியதோ ஏறக்குறைய அவ்வளவு வேகத்தில் செடியும் ஓடியது.

மீண்டும் பச்சையம்

செடியையும் குழாயையும் எதிரெதிராக வைத்ததில்தான் பிழை என்பதைப் போட்ஸ்டாம் குழுவினரின் அடுத்த வேலை காட்டியது. தழையிலிருந்து ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் சாற்றில் டைஹைட்ரோ ஆர்ட்டெமிசினிக் அமிலமும் இருக்கிறது. இலையின் வெயிலில் மாறி முடிக்காத பங்கு அது. வழக்கமாக இது கழிவாகப் போய்விடும். இதற்கு ஈஸ்ட் தேவையில்லை. புதிய நிலமும் தேவையில்லை. அதே தழையிலிருந்து கூடுதல் மருந்து கிடைக்கும்.

இதில் இன்னொரு தொல்லை இருந்தது. தழைச்சாறு கரும்பச்சையாக இருக்கும். அந்தப் பச்சையத்தை நீக்குவது சாறெடுக்கும் ஆலைகளுக்குத் தனிச் செலவு. 2018-இல் சுசான் டிரீமர், கில்மோர், சீபெர்கர், சைடல்-மார்கன்ஸ்டர்ன் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையில் பச்சையத்தை நீக்காமல் விட்டுவிட்டனர். அந்தப் பச்சையமே ஒளியுணர்த்தியாக வேலை செய்தது. ஷெங்க் 1940களில் பச்சிலையிலிருந்து எடுத்துச் சேர்த்த அதே பொருள், இங்கே சாற்றில் ஏற்கெனவே கரைந்து கிடந்தது. விலைகொடுத்து வாங்கும் போர்ஃபிரின் தேவைப்படவில்லை. தூய்மைப்படுத்தாத டொலுயீன் சாற்றை ஆக்சிஜனோடு சேர்த்து ஒளிபடும் குழாயில் செலுத்த, அமிலம் சில நிமிடங்களில் மருந்தாகியது. சாற்றில் முன்பே இருந்த ஆர்ட்டெமிசினினுக்கும் கெடுதல் நேரவில்லை.

உலகச் சந்தைக்கு வரும் ஆர்ட்டெமிசினினில் பெரும்பகுதி இன்றும் சீனாவிலும் வியட்நாமிலும் ஆப்பிரிக்காவிலும் விளையும் தழையிலிருந்தே வருகிறது. பாய்வு முறை ஆர்ட்டெமிசினினில் தொடங்கியதோடு நிற்கவில்லை. ஒளி தேவைப்படும் மருந்து வினைகளுக்கு எல்.இ.டி விளக்கோடு கூடிய குழாய் வினைக்கலன்களைப் பல கருவி நிறுவனங்கள் இப்போது ஆயத்தமாகவே விற்கின்றன. அவற்றில் குழாயின் உள்விட்டம் பெரும்பாலும் சில மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். ஓர் இலையின் தடிமனைவிட அது அதிகம்தான், ஆனால் ஒளி மறுபக்கம் வரை எட்டிவிடும்.